பறவைக்கூட்டு நிதிக்கு மார்க் முப்பத்தொன்று

ஒரு நிதியின் உடல்நலத்துக்கு மார்க் போடுவது என் பிழைப்பு. மார்க் குறைந்தால் நிதிக்காரர்கள் திட்டுவார்கள், கூடினால் என் முதலாளி திட்டுவார். பரீட்சைத் தாள் திருத்திப் பெற்றோரிடம் வாங்கிக் கட்டிக்கொண்ட ஆசிரியர்களுக்கும், கடன் மனுவைத் திருப்பி அனுப்பிவிட்டு அதே ஆளைக் கல்யாணப் பந்தியில் எதிர் இலையில் சந்தித்த வங்கிக்காரர்களுக்கும் என் கஷ்டத்தை விளக்க வேண்டியதில்லை. உங்களை நம்பித்தான் இதை எழுதுகிறேன்.

எழுபது வேண்டும்

மலேசியாவில், கெடா மாநிலத்துக் கூலிமில் மருந்துக்கடைக்கு மேல்மாடியில் எங்கள் ஆபீஸ். வேலை சிக்கலானதில்லை. நிதியின் கணக்கை வாங்கி ஐந்து விகிதம் பார்ப்போம். கையிலிருக்கும் காசு உடனே கட்ட வேண்டியதற்குக் காணுமா? சொந்த முதலுக்குக் கடன் எவ்வளவு? போட்ட சொத்து சம்பாதிக்கிறதா? வருமானத்தைச் செலவு எவ்வளவு தின்கிறது? முதலீட்டாளர்களுக்குக் கொடுக்கிற லாபம் உண்மையில் சம்பாதித்த லாபமா? விகிதத்துக்கு இருபது மார்க், மொத்தம் நூறு. சாதம், சாம்பார், ரசம் என்று தனித்தனியாக ருசி பார்த்துவிட்டுச் சமையலைப் பற்றிச் சொல்வதுபோல, அவ்வளவுதான்.

ஒரு நாள் காலை பாடாங் மேஹா பக்கம் எண்ணெய்க்காகச் செம்பனை வளர்க்கும் தோட்டத்திலிருந்து முனியாண்டி அண்ணன் படியேறி வந்தார். தோட்டத் தொழிலாளர்களின் கூட்டுறவு நிதிக்கு அவர் தலைவர். தோட்டம் கைமாறிவிட்டது, லயத்து வீடுகளைக் காலி செய்யச் சொல்லிவிட்டார்கள். கரங்கானில் ஒரு துண்டு நிலம் வாங்கி எல்லாரும் சேர்ந்து வீடு கட்டத்தான் இத்தனை வருஷமாகச் சம்பளத்தில் பிடித்துச் சேர்த்திருந்தார்கள். ஆனால் இவர்கள் சேர்த்த வேகத்தைவிட நிலத்தின் விலை வேகமாக ஓடிவிட்டது. இந்த நேரம் பார்த்து, பணத்தைச் சீக்கிரம் பெருக்கித் தருவதாக ஒரு பறவைக்கூட்டு நிதி வந்து நின்றது. வாலிட் குருவி எச்சிலில் கட்டும் கூட்டைச் சீனர்கள் சூப்பு வைத்துக் குடிப்பார்களே, அதற்காகக் கடைவீடுகளைக் குருவி வீடுகளாக மாற்றும் நிதி. வீட்டுக் காசு முழுவதையும் அதில் போடலாமா என்று பொதுக்கூட்டம் முடிவு செய்ய வேண்டும். அதற்குமுன் நாங்கள் மார்க் போட்டுக் கொடுக்க வேண்டும்.

இந்தக் காசு போனால் அந்தக் குடும்பங்களுக்குப் போக இடம் கிடையாது. அது அவருக்கும் தெரியும், எனக்கும் தெரியும். பறவைக்கூட்டு நிதியின் கணக்குக் கட்டை மேசையில் வைத்துவிட்டு, தொப்பியை மடியில் வைத்துச் சுருட்டிக்கொண்டே சொன்னார்: "தங்கச்சி, எப்படியாச்சும் ஒரு எழுபது போட்டுடுங்க லா, அம்பதுன்னா கூட்டத்துல நின்னு பேச எனக்கு மூஞ்சி இருக்காது."

சிவந்த கன்னம்

கணக்கு பார்க்க லட்சணமாக இருந்தது. வழுவழுப்பான தாள், அட்டையில் பறக்கும் குருவி, உள்ளே சிரிக்கும் இயக்குநர்கள். முதல் விகிதத்தைப் போட்டேன். கையில் காசு தாராளமாக இருந்தது. உடனே கட்ட வேண்டியதைப்போலப் பல மடங்கு. நல்ல மார்க் போட்டுவிட்டுத் தேநீர் குடிக்கப் போனேன். திரும்பி வந்து மற்ற நான்கையும் போட்டபோதுதான் தேநீர் கசந்தது. சொத்துப் பட்டியலில் கட்டடத்துக்கு அடுத்த வரியில் 'எதிர்பார்க்கப்படும் பறவைகள்' என்று ஒரு பெரிய தொகை போட்டிருந்தது. இன்னும் வந்து சேராத குருவிக்கு விலை போட்டவர்களை அன்றுதான் முதன்முதலாகப் பார்த்தேன். வருமானம் என்று பார்த்தால் கூடு விற்ற காசு, கோயில் உண்டியலில் விழும் சில்லறை அளவுக்குக்கூட இல்லை. அப்படியானால் கையிலிருக்கும் காசு எங்கிருந்து வந்தது? புதிதாகச் சேர்ந்தவர்கள் போட்டது. பழைய ஆட்களுக்கு மாதா மாதம் கொடுக்கிற லாபம்? அதுவும் அதே குடத்திலிருந்துதான். ஐந்தாவது விகிதத்துக்கு முட்டை போட்டேன். மொத்தம் முப்பத்தொன்று.

எங்கள் முதலாளி ராஜரத்தினம் ஐயா யாழ்ப்பாணத்து வம்சம். தாத்தா காலத்தில் ரயில்வே ஆபீஸுக்கு வந்த குடும்பம். கெடாவிலேயே பிறந்து வளர்ந்தும் வீட்டுப் பேச்சை அவர் விடவில்லை. என் தாளை வாங்கி மேலிருந்து கீழாகப் பார்த்தார். முதல் விகிதத்தில் மட்டும் இவ்வளவு மார்க் எதற்கு என்று கேட்டார். விகிதம் அப்படித்தான் வருகிறது ஐயா, சூத்திரத்தை நான் மாற்ற முடியாது, அறிக்கையில் காரணத்தை எழுதிவிடுகிறேன் என்றேன். அவர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். "எழுது பிள்ளை, வடிவா எழுது. காய்ச்சல்காரன்ர கன்னம் சிவந்திருந்தா அழகெண்டு சொல்லுவினமோ?"

குருணில் குருவி தேடிய படலம்

தாளை மட்டும் பார்த்து மார்க் போடுகிறவள் என்று நாளைக்கு யாரும் சொல்லக்கூடாது. காடியை ஓட்டிக்கொண்டு குருண் ஊருக்குப் போனேன். நிதியின் பெரிய சொத்து அங்கேதான், மெயின் ரோட்டிலிருந்து உள்ளே தள்ளி மூன்று மாடிக் கடைவீடு. சன்னல்களை அடைத்து, சின்னச் சின்ன ஓட்டைகள் விட்டிருந்தார்கள். கூரையில் ஒலிபெருக்கி வைத்துக் குருவிச் சத்தத்தைப் போட்டு அலறவிட்டிருந்தார்கள். அந்தச் சத்தத்தைக் கேட்டுக் குருவி வந்து குடியேறும் என்பது ஏற்பாடு. வெயில் தாழும் நேரம்தான் கூட்டுக்குத் திரும்பும் என்று அங்கிருந்தவர்கள் சொன்னதால் காத்திருந்தேன். குருவிகள் வந்தன, கூட்டமாகத்தான் வந்தன. வந்து, தலைக்கு மேலே ஒரு வட்டம் போட்டுவிட்டு நேரே எதிர்வரிசையில் இருந்த வேறு ஒருத்தருடைய கட்டடத்துக்குள் போய்விட்டன. நம் கட்டடத்தின் ஓட்டையில் ஒரு ஆந்தை வந்து உட்கார்ந்து என்னைப் பார்த்தது. மாமியார் மாதிரி ஆந்தை உட்கார்ந்திருக்கிற வீட்டுக்கு எந்தக் குருவி குடித்தனம் வரும்?

பக்கத்துக் கடையில் நாசி லெமாக் தேங்காய்ப்பால் சோறு விற்கும் அக்கா என்னை வீடு வாங்க வந்தவள் என்று நினைத்துவிட்டார். காலையிலிருந்து இருட்டும் வரை இந்த 'கீச் கீச்'தான், தலைவலி மாத்திரை இல்லாமல் கடை திறப்பதில்லை என்றார். மிச்சமிருந்த ஒரு பொட்டலத்தை என் கையில் திணித்துவிட்டுச் சொன்னார்: "வாடகை கொடுக்காம சும்மா வந்து இருன்னு கூப்புடுறான், குருவியே வர மாட்டேங்குது. வாடகை கொடுத்துட்டு நான் இருக்கேன் பாருங்க, என்னையத்தான் சொல்லணும்."

டை கட்டிய சிவா

என் அறிக்கை எப்படியோ அந்த நிதியின் ஆலோசகர் சிவாவின் காதுக்கு எட்டிவிட்டது. கெடா வெயிலில் டை கட்டுகிற ஆளைப் பார்த்தாலே எனக்குச் சந்தேகம். ஆனாலும் மரியாதையாகத்தான் பேசினார். ஆபீஸுக்கு எதிர்க்கடையில் நுரை பொங்க ஆற்றிய தே தாரிக் டீ வாங்கிக் கொடுத்தார். அதை நான் குடிக்கவில்லை, என் காசில் தனியாக வாங்கிக் குடித்தேன். முதல் விகிதத்தின் மதிப்பை மட்டும் இரட்டிப்பாக்கி மற்றதைக் கொஞ்சம் தளர்த்தினால் எழுபது வந்துவிடுமே, எல்லா ஆபீஸும் ஒரே சூத்திரத்தையா வைத்திருக்கிறது என்று கேட்டார். இதே ஆள் பாடாங் மேஹாவோடு நிற்கவில்லை, கரங்கானிலும் வீடு வீடாகப் போய்க்கொண்டிருக்கிறார் என்று அப்போது அவர் வாயாலேயே தெரிந்தது. பெருமையாகத்தான் சொன்னார்.

எனக்குக் கோபம் வந்தது. வெயிலிலும் மழையிலும் செம்பனைக் குலை சுமந்தவர்களின் காசு இது, உங்கள் குருவி எதிர்வீட்டில் குடியிருக்கிறது, மார்க் மாறாது என்று சொல்லிவிட்டு எழுந்தேன். அவருக்கு முகம்கூடச் சுருங்கவில்லை. டையை நேராக இழுத்துவிட்டுக்கொண்டார். "மேடம், மாசா மாசம் எல்லாரும் சிரிச்சுக்கிட்டே வாங்கிட்டுப் போறாங்க. எங்கிருந்து வருதுன்னு இதுவரைக்கும் ஒருத்தரும் கேக்கல, நீங்க மட்டும் ஏன் கேக்குறீங்க?"

டியூசன் வைக்கலாம்

பொதுக்கூட்டத்துக்கு முந்தைய வாரம் தோட்டத்துக்குப் போய்க் கமிட்டிக்காரர்களிடம் அறிக்கையை விளக்கினேன். இருக்கிற காசுக்குள்ளேயே நிலம் வாங்க நான் முன்பே ஒரு தாளில் போட்டுக் கொடுத்திருந்த கணக்கை முனியாண்டி அண்ணன் இன்னும் யோசித்துக்கொண்டுதான் இருந்தார். அங்கேதான் என் தொழிலின் பெரிய ஓட்டை தெரிந்தது. மார்க் என்று சொன்னவுடனே எல்லாருக்கும் ஞாபகம் வந்தது பள்ளிக்கூடம். முப்பத்தொன்று என்றால் வியாதி என்று அவர்கள் எடுத்துக்கொள்ளவில்லை. படிப்பு கொஞ்சம் மந்தம், பையன் நல்லவன் என்று எடுத்துக்கொண்டார்கள். கமிட்டியின் பொருளாளர் பாக்கியம் அக்கா, செம்பனை உதிரிப் பழம் பொறுக்கிப் பிள்ளைகளைக் கரையேற்றியவர். அந்த நிதியின்மேல் அவருக்கு இரக்கமே வந்துவிட்டது.

இது பரீட்சை இல்லை அக்கா, ரத்தச் சோதனை மாதிரி என்று சொல்லிப் பார்த்தேன். மீகூன் நூடுல்ஸ் தட்டை என் பக்கம் நகர்த்தி, மொதல்ல பசியாறுங்க என்றார். நான் ஒரு வாய் வைப்பதற்குள் தீர்ப்பையும் சொல்லிவிட்டார்: "என் மவன்கூட மூணாம் பாரத்துல கணக்குல முப்பதுதான் எடுத்தான், டியூசன் வெச்சோம், இப்ப பினாங்குல பேக்டரில சூப்பர்வைசரு. பாவம், ஒரு சான்ஸ் கொடுத்துப் பாக்கலாமே."

வெள்ளைப் பூ

பொதுக்கூட்டம் ஞாயிற்றுக்கிழமை, கோயிலை ஒட்டிய மண்டபத்தில். நான் போய்ச் சேரும்போதே எல்லார் முகத்திலும் களை. என்ன விசேஷம் என்று கேட்டால், காலையில் மாரியம்மன் சன்னதியில் பூப்போட்டுப் பார்த்தார்களாம். சிவப்புப் பூ ஒரு பொட்டலம், வெள்ளைப் பூ ஒரு பொட்டலம். வெள்ளை வந்தால் காசைப் போடலாம், சிவப்பு வந்தால் வேண்டாம். பூசாரி எடுத்துப் பிரித்தார், வெள்ளை வந்துவிட்டது. கல்யாணம், வீடு மாறுவது, ஆபரேஷன் எல்லாவற்றுக்கும் இந்தத் தோட்டத்தில் இதுதான் கடைசித் தீர்ப்பு. என் முப்பத்தொன்று எங்கே, அம்மனின் வெள்ளைப் பூ எங்கே? முன்வரிசையில் சிவா புது டையோடு உட்கார்ந்திருந்தார். முனியாண்டி அண்ணன் என் முகத்தைப் பார்க்காமலே மைக்கைக் கொடுத்தார்.

அம்மனோடு வழக்காட எனக்குப் பைத்தியமா? விகிதம், சூத்திரம் எதையும் வாயில் எடுக்கவில்லை. ஐந்தாவது முட்டையை மட்டும் உடைத்துக் காட்டினேன். "இந்த நிதி கூடு வித்து லாபம் கொடுக்கல. நேத்து சேர்ந்தவங்க காச எடுத்து அதுக்கு முன்ன சேர்ந்தவங்களுக்குக் கொடுக்குது. நீங்க இன்னைக்குப் போடுறது உங்களுக்கு முன்ன போட்டவங்களுக்குப் போயிடும். உங்களுக்கு வர வேண்டியது உங்களுக்குப் பின்னால சேரப்போறவங்க கையில இருக்கு. அந்த ஆளுங்க யாருன்னு மட்டும் யோசிங்க. முன்னால உக்காந்திருக்கிற இவரு அடுத்ததா கரங்கான்லதான் வீடு வீடா போறாரு." மைக்கை வைத்துவிட்டு உட்கார்ந்தேன்.

பாக்கியம் அக்காதான் முதலில் எழுந்தார். கரங்கானில் அவருடைய மகளைக் கட்டிக் கொடுத்திருக்கிறது. பாதிக் குடும்பங்களுக்கு அங்கே தங்கையோ சம்பந்தியோ இருக்கிறார்கள். நிலம் அங்கே தேடியதே அதற்காகத்தான். போன வாரம் இந்த டைக்காரர் அந்த மகள் வீட்டுத் தின்பண்டத்தைத் தின்றுவிட்டுத் தாளில் கையெழுத்துக் கேட்டதை அவர் சொன்னார். "அப்ப, எனக்கு மாசா மாசம் வரப்போற லாபம் என் மவ தாலிக்கொடிய வித்துப் போடப்போற காசா?" என்று சிவாவைப் பார்த்துக் கேட்டார். சிவா கைப்பேசி அழைப்பு வந்ததுபோல் பாவனை செய்துகொண்டு வெளியே போனவர் திரும்பி வரவில்லை. அவருடைய காடி கிளம்பும் சத்தம் மண்டபத்துக்குள் கேட்டது.

கை தூக்கச் சொன்னபோது அந்த நிதிக்கு ஒரு கைகூட எழவில்லை. ஆனால் எல்லார் கண்ணும் கோயில் பக்கம் போய்ப் போய் வந்தது. சாமி வாக்கை மீறிவிட்டோமோ என்ற பயம். லயத்தைக் காலி செய்துவிட்டுப் போகிற நேரத்தில் அம்மனைப் பகைத்துக்கொள்ள யாருக்குத்தான் மனம் வரும்? கரங்கான் நிலத்தில் பாதியை மட்டும் இப்போதே வாங்கி, மனையைச் சின்னதாகப் பிரித்து, வரிசை வீடாகக் கட்டினால் இருக்கிற காசு காணும் என்று நான் கணக்குப் போட்டுத் தந்த தாள் முனியாண்டி அண்ணனின் சட்டைப் பையில் இருந்தது. கீரைப் பாத்தி போட முடியுமா, கோழி வளர்க்க இடம் இருக்குமா என்று ஒரு மாதமாகத் தள்ளிப்போட்டுக்கொண்டிருந்தவர் அதை எடுத்துப் பிரித்தார். எழுபது கேட்டு வந்த மனுஷர் என்னை ஒரு பார்வை பார்த்தார். அப்புறம் கூட்டத்தின் பக்கம் திரும்பி நிதானமாகச் சொன்னார்: "அம்மா காச போடச் சொன்னா, வாஸ்தவம்தான். எதுல போடணும்னு நாம கேக்கவும் இல்ல, அவ சொல்லவும் இல்ல. நெலத்துல போடுறோம், கை தூக்குங்க."

அந்த நிதியிலிருந்து தோட்டத்தைக் காப்பாற்றியது மாரியம்மன் என்பதில் பாடாங் மேஹாவில் யாருக்கும் சந்தேகமில்லை, எனக்கும் ஆட்சேபணையில்லை, கட்டணத்துக்கான செக்கை மட்டும் எங்கள் ஆபீஸ் பெயருக்கே போட்டால் போதும்.