உங்கள் ஊரில் மழை உண்டா

வெடிமருந்துச் சாலையின் கந்தக நெடி வீட்டுக்குள் வந்தால் காற்று திரும்பிவிட்டது என்று பழவேற்காட்டில் எல்லோருக்கும் தெரியும். அப்படி நெடியடித்த ஒரு மாலையில்தான் நைனா கோட்டையிலிருந்து வந்து, சோற்றில் கை வைக்காமல் உட்கார்ந்திருந்தார்.

நைனா ஒல்லாந்தருக்குத் தமிழ் ஓலை எழுதுபவர். அவர்களுடைய துறைமுகப் பட்டியலில் எப்போதும் எங்கள் ஊர்தான் முதலில் வரும். பெரிய துரை இருந்தது அங்கே, மற்றவையெல்லாம் ‘கீழ்த்துறை’. அன்று, பெரிய துரை நாகப்பட்டினத்துக்குக் குடிபெயர்கிறார் என்று உத்தரவு வந்திருந்தது.

“அப்ப நம்ம ஊரு இன்னா?” என்றாள் அம்மா.

“கீழ்த்துறைல ஒண்ணு.”

“யாரு சொன்னது?”

“நான்தான் எழுதினேன்.”

துரையோடு நைனாவும் போகவேண்டியிருந்தது. ஏரியை விட்டு வரமாட்டேன் என்று அம்மா நின்றுவிட்டாள். அதன்பிறகு எனக்கு இருப்புக் கொள்ளவில்லை. பாய்மரம் ஒன்று தெரிந்தால் முகத்துவாரம் வரை ஓடுவேன், ஓலை இல்லையென்றால் திரும்பி வந்து வாசலுக்கும் அடுப்படிக்குமாக நடப்பேன்.

நைனா எனக்கு மணலில் எழுத்துச் சொல்லித் தந்திருந்ததால், வந்த ஓலைகளை நானே அம்மாவுக்குப் படித்துக் காட்டினேன். முதல் ஓலையில் ‘நம் ஊரில் மழை உண்டா’ என்று கேட்டிருந்தார். மூன்றாவதில் ‘உங்கள் ஊரில் மழை உண்டா’ என்றிருந்தது. அம்மாவுக்கு நான் பழையபடி ‘நம் ஊரில்’ என்றே படித்துவிட்டேன். அடுத்த ஓலையிலும் அப்படியே செய்தேன். அதற்கடுத்ததைப் படிக்கும்போது குரல் நடுங்கிவிட்டது.

“இன்னாடி மூச்சு வாங்குது? இருக்கறத அப்படியே படி.”

படித்தேன். அம்மா அழவில்லை. அந்த வாரமே இரண்டு மூட்டைகளோடு என்னை இழுத்துக்கொண்டு தெற்கே போகும் கப்பலில் ஏறினாள். நாகப்பட்டினத்துக் கரையில் எங்களைக் கண்டு திகைத்து நின்ற நைனாவிடம் அவள் கேட்ட முதல் கேள்வி:

“இன்னாங்க, யாரு ஊர்ல மழைனு கேட்டு எழுதினீங்க?”

அத்தனை பேர் நடுவில் நைனா முகத்தைப் பொத்திக்கொண்டு அழுதார். அவரும் அம்மாவும் அதன்பிறகு நெடுங்காலம் இங்கேயே வாழ்ந்து முடித்தார்கள்.

இப்போது இந்த வீட்டில் ‘இன்னா’ என்று பேசுபவர் யாரும் இல்லை. நானே அந்தப் பேச்சை எப்போது விட்டேனென்று தெரியவில்லை. பேரப்பிள்ளைகள் பழவேற்காடு எங்கேயென்று கேட்டால் வடக்கே கை காட்டுகிறேன். எவ்வளவு தூரம் என்கிறார்கள். வந்த வழியில் கப்பலின் ஓரத்தைப் பிடித்தபடி அம்மா ஒருமுறையும் திரும்பிப் பார்க்காதது மட்டுமே நினைவிருக்கிறது.