ஏசி மேல் காயப்போட்ட பேன்ட்

வீட்டில் எது பழுதானாலும் முதல் சந்தேகம் என் மேல்தான் விழும். பாதி நேரம் அது சரியாகவும் இருக்கும். ஆனால் அக்காவைப் பெண் பார்க்க வந்த அந்த மே மாத ஞாயிற்றுக்கிழமை ஏசி மக்கர் செய்தபோது, மற்றவர்களுக்கு முன்னால் நானே என்னைச் சந்தேகப்பட்டுவிட்டேன்.

வானகரத்தில் நாங்கள் வாங்கியிருந்த மேல்மாடி வீட்டில் எல்லா அறைக்கும் சேர்த்து ஒரே ஏசி. அதன் வெளிப்பெட்டி மொட்டைமாடியில் உட்கார்ந்து அனல் காற்றை ஊதும். ஈரத்துணியை அதன் முகத்தில் போர்த்தினால் அரை மணியில் அப்பளம். ஒன்பது வயதில் நான் செய்த ஒரே விஞ்ஞானக் கண்டுபிடிப்பு அது. அன்று காலையும் என் கிரிக்கெட் பேன்ட் அங்கேதான் காய்ந்துகொண்டிருந்தது.

பதினோரு மணிக்கு மாப்பிள்ளை வீட்டார் வர வேண்டும். பத்தரைக்கு ஹாலில் காற்று வந்தது, குளிர் வரவில்லை. அப்பா ஆவடியில் ராணுவ வண்டிகளைப் பழுது பார்க்கிறவர்; மெக்கானிக்கைக் கூப்பிடுவது அவருக்குக் கௌரவக் குறைச்சல். ரிமோட்டுக்குப் புது பேட்டரி போட்டார். ஸ்டூலில் ஏறி ஃபில்டரைக் கழற்றித் தட்டினார். புழுதி முழுக்க அவருடைய புது வெள்ளைச் சட்டையில் இறங்கியது. மீட்டர் பெட்டியில் எதையோ தட்டினார். அம்மாவின் மிக்சிதான் நின்றது.

“ராணுவ வண்டியே ஓடுது, இது ஓடாதா?”

“வண்டி ஓடட்டும், நீங்க மொதல்ல சட்டைய மாத்துங்க” என்றாள் அம்மா.

எனக்கு என் பேன்ட் ஞாபகம் வந்தது. நைசாக மாடிக்கு ஓடினேன். படிக்கட்டில் அக்கா கையில் போனோடு, பட்டுப்புடவையைத் தூக்கிப் பிடித்தபடி இறங்கி வந்தாள். என்னைப் பார்த்தாலே குட்டுகிறவள் அன்று சிரித்தாள். “பேன்ட் எடுக்கவாடா? ஓடு, ஓடு.”

பேன்ட்டை உருவினேன். பெட்டி மூச்சு விடவில்லை. கும்பிட்டும் பார்த்தேன். மசியவில்லை.

வந்தார்கள். மாப்பிள்ளையின் அம்மா பஜ்ஜியை வைத்துவிட்டுத் தட்டால் விசிறிக்கொண்டார். மாப்பிள்ளை நெற்றியைத் துடைப்பதிலேயே குறியாக இருந்ததில் அக்காவை நிமிர்ந்துகூடப் பார்க்கவில்லை. இருபது நிமிடத்தில், “போன் பண்றோம்” என்று எழுந்தார்கள். அந்த போன் இன்றுவரை வரவில்லை.

சாயங்காலம் வேறு வழியில்லாமல் அப்பா கூப்பிட்ட மெக்கானிக், மாடிக்குப் போன வேகத்தில் இறங்கி வந்தார். “மெஷின்ல ஒண்ணும் இல்ல சார். மேல செவுத்துல கீற சுச்ச யாரோ ஆஃப் பண்ணிக்கீறாங்க. அவ்ளோதான்.”

அப்பா திரும்புவதற்குள் ஒப்புக்கொண்டேன்: “பேன்ட் காயப்போடும்போது கை பட்டிருக்கும்பா.”

ஓங்கிய கைக்குக் குறுக்கே அக்கா வந்து நின்றாள். அதோடு விட்டாளா? ஒரு வாரம் தினமும் கோன் ஐஸ் வாங்கித் தந்தாள். கல்யாணத்தையே கெடுத்த தம்பிக்கு இப்படி ஓர் அக்காவா என்று, ஐஸைவிட வேகமாக நான்தான் உருகினேன்.

அந்த ஐப்பசியில் அக்கா தன்னோடு வேலை பார்த்த ஒருவரை வீட்டுக்கு அழைத்து வந்தாள். அடைமழை, ஏசிக்கு வேலையே இல்லை. பேச்சு இரண்டு மணி நேரம் நீண்டது. அவர்தான் இப்போது என் அத்தான்.

போன வாரம் மெக்கானிக்கோடு மாடிக்குப் போனேன். அந்த சுவிட்ச் அதே சுவரில், என் தலைக்கு மேல் ஒரு சாண் உயரத்தில் இருந்தது. ஒன்பது வயதில் அப்பாவின் ஸ்டூலைக் கொண்டுபோய்ப் போட்டிருந்தால்தான் என் கை அங்கே பட்டிருக்கும்.

உடனே அக்காவுக்கு போன் போட்டேன்.

“இப்பதான் அளந்து பாத்தியா?” என்றாள்.