அப்பா ஆட்டிய கொடி

நான் அன்றைக்கு மைக்கை எடுத்துப் பேசியது தப்பென்று இன்றுவரை எனக்குத் தோன்றவில்லை. இதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். கடைசியில் நான் மன்னிப்புக் கேட்பேன் என்று யாராவது காத்திருந்தால் இப்போதே எழுந்து போய்விடலாம். அம்மா ஊரில் இன்னமும் என்னை 'மைக்செட்டு' என்றுதான் சொல்கிறார்கள். சொல்லட்டும்.

அப்பாவுக்குத் தூத்துக்குடித் துறைமுகத்துக்குப் போகிற சாலையில் டயர் கடை. கண்டெய்னர் லாரிகள் வாசலில் வரிசை கட்டி நிற்கும். அவரைப் பொறுத்தவரை உலகத்தில் இரண்டே சாதி: டயரைப் பார்த்து ஓட்டுகிறவன், டயரைத் தின்கிறவன். கடையில் ஒரு டிவி உண்டு. ஞாயிற்றுக்கிழமை ஆனால் அதில் கார்ப் பந்தயம்தான். கிரிக்கெட் ஸ்கோர் கேட்டு எட்டிப் பார்க்கிற டிரைவர்களை, "அதுக்கு டீக்கடைக்குப் போங்க அண்ணாச்சி" என்று அனுப்பிவிடுவார். பந்தயத்துக்கு நடுவில் கார் உள்ளே வந்து, நாம் மூச்சு விடுவதற்குள் நாலு டயரையும் மாற்றிக்கொண்டு பறக்குமே, அந்த இடம் வந்தால் மட்டும் நாற்காலியை விட்டு எழுந்து நிற்பார். கோயிலில் தீபாராதனைக்குக்கூட அவர் அவ்வளவு பக்தியோடு நின்று நான் பார்த்ததில்லை.

நான் ஏழாம் வகுப்பில் இருந்த அந்த வருடம் பந்தயம் இரண்டே பேருக்கு நடுவில் நடந்தது. ஒருவர் பலமுறை பட்டம் வாங்கிய மூத்தவர். இன்னொருவன் அவரை இறக்கியே தீருவேன் என்று வந்த இளவட்டம். ஊருக்கு ஊர் முட்டிக்கொண்டார்கள். ஒரு தடவை ஒருவர் கார்மேல் இன்னொருவர் கார் ஏறியே நின்றது. அப்பா மூத்தவர் கட்சி, ஏனென்றால் அவர் டயரைக் காப்பாற்றி ஓட்டுகிறவர். அம்மாவின் அண்ணன், என் மாமா, இளையவன் கட்சி. மாமாவுக்கு விளாத்திகுளம் பக்கம் கரிசல் காட்டில் விவசாயம். பந்தய மாடு வளர்க்கிறவர். அவருக்குப் போனில் கார்ப் பந்தயம் பார்க்கப் பழக்கிவிட்டதே அப்பாதான். வளர்த்த கடா மார்பில் பாய்ந்த கதையாக, ஒவ்வொரு ஞாயிறும் பந்தயம் முடிந்ததும் மாமாவின் போன் வரும். இரண்டு பேரும் காது கிழியக் கத்துவார்கள்.

"அவனுவ ரெண்டு பேரும் உங்களுக்குச் சித்தப்பா மக்களா?" என்று அம்மா கேட்பாள். கேட்டாலும் அவளுக்கு உள்ளூரச் சந்தோஷம்தான். அண்ணன் வாரம் தவறாமல் போன் பண்ணுகிறாரே.

கடைசிப் பந்தயத்துக்கு வரும்போது இருவருக்கும் ஒரே புள்ளி. மூத்தவர் முன்னால் போய்க்கொண்டிருந்தார். இளையவன் வெகு தூரம் பின்னால். அப்பா மிட்டாய் வாங்கி வைத்துவிட்டார். முடியப் போகிற நேரத்தில் வேறு யாருடைய காரோ சுவரில் மோதி நின்றது. இப்படி ஆனால் எல்லாரையும் மெதுவாக்குவதற்கு ஒரு காரை முன்னால் விடுவார்கள். அதன் பின்னால் எல்லாரும் ஊர்ந்து வர, பாடுபட்டுச் சேர்த்த இடைவெளி அத்தனையும் போய்விடும். அந்தச் சந்தில் இளையவன் புது டயர் போட்டுக்கொண்டான். மூத்தவருக்குத் தேய்ந்த டயர். இருவருக்கும் நடுவில் ஒரு சுற்றுப் பின்தங்கிய கார்கள் சில நின்றன. அவற்றை விலக விடமாட்டோம் என்று முதலில் சொன்னார்கள். பிறகு இந்த இருவருக்கும் நடுவில் நின்றவற்றை மட்டும் விலகச் சொல்லிவிட்டு, ஒரே ஒரு சுற்று பாக்கி இருக்கையில் ஓட விட்டுவிட்டார்கள். புது டயர் தேய்ந்த டயரைத் தாண்டிப் போயிற்று.

அப்பா டிவியை அணைக்கவில்லை. அதன் முன்னால் நின்று, உள்ளே இருக்கிற பந்தய அதிகாரியைப் பார்த்துப் பேசினார். "விட்டா எல்லாத்தையும் விடணும். இல்ல, ஒன்னையும் விடக்கூடாது. அது என்னலே ரெண்டு பேருக்கு மட்டும் தனியா ஒரு பந்தயம்? நீ கொடி பிடிக்க லாயக்கில்லாத பய."

மாமாவின் போன் வந்தது. "மாப்ள, பந்தயம்னா ஓடித்தான் முடியணும். ஊர்ந்து முடிஞ்சா அதுக்குப் பேரு சாமி சப்பரம். அவன ஓடச் சொன்னான், ஓடுனான். ஜெயிச்சது அவன் தப்பா?"

அப்பா மிட்டாயைக் கண்டெய்னர் டிரைவர்களுக்குக் கொடுத்துவிட்டார். அதன்பிறகு அவரிடம் டயர் மாற்ற வந்த எவனும் அந்தக் கடைசிச் சுற்றின் கதையைக் கேட்காமல் கடையை விட்டுப் போக முடியவில்லை. எனக்கு அது வாய்ப்பாடு மாதிரி மனப்பாடம் ஆகிவிட்டது. அப்பாவை விட நியாயமான ஆள் உலகத்தில் இல்லை என்றும் எனக்கு நிச்சயமாகிவிட்டது.

மாசி மாதம் அம்மா ஊரில் ஒரு சடங்கு வீடு. பந்தலில் உட்கார்ந்து அப்பா அதே கதையை ஊர்ப் பெரியவர்களுக்குச் சொன்னார். விளைவு என்னவென்றால், சித்திரையில் அம்மன் கோயில் கொடைத் திருவிழாவுக்கு வைக்கிற மாட்டுவண்டிப் பந்தயத்துக்கு இந்தத் தடவை கொடி பிடிக்க அவரையே கேட்டுவிட்டார்கள். "நம்ம ஊர் மாப்பிள்ளை, நியாயத்துக்காக வெளிநாட்டுக்காரன் கூடயே சண்ட போடுத மனுசன்" என்று காரணமும் சொன்னார்கள். அப்பாவுக்குத் தலைகால் புரியவில்லை.

அம்மாவுக்குப் புரிந்தது. "எங்க அண்ணன் மாடும் ஓடுது. அது ஜெயிச்சாலும் பேச்சு, தோத்தாலும் பேச்சு. நீங்க கொடி பிடிக்காண்டாம்" என்றாள். அப்பா சிரித்தார். அம்மா சிரிக்கவில்லை. "எனக்கு அம்மையும் இல்ல, அப்பனும் இல்ல. பொங்கலுக்குப் பொங்கல் எங்க அண்ணன் படி கொண்டுவந்து இந்த வாசல்ல இறங்குதது ஒன்னுதான் எனக்கு மிச்சம். அத மட்டும் கெடுத்துராதீங்க" என்றாள்.

பொங்கல்படி என்பது எங்கள் பக்கத்தில் சாதாரணக் காரியம் இல்லை. கட்டிக்கொடுத்த பெண்ணுக்குப் பிறந்த வீட்டிலிருந்து அரிசி, கரும்பு, மஞ்சள்குலை, பனங்கிழங்கு, வாழைத்தார் எல்லாம் வரவேண்டும். யார் வீட்டுக்கு வந்தது, யார் வீட்டுக்கு வரவில்லை என்று தெருவே பார்த்துக்கொண்டிருக்கும். வந்தால் அவளுக்குக் கேட்க ஆள் இருக்கிறது என்று அர்த்தம்.

கொடை நாள் காலையில் அப்பா வெள்ளை வேட்டி கட்டிக்கொண்டு, ஊருக்குச் சாலை பிரிகிற விலக்கில் நின்றார். வண்டிகள் அங்கிருந்து கிளம்பி, தார்ச்சாலையில் வெகுதூரம் போய்த் திரும்பி, அங்கேயே வந்து முடியவேண்டும். கொடிக்காரர் மகள் என்பதால் என்னை மைக் கட்டிய லோடு ஆட்டோவில் ஏற்றி உட்கார வைத்திருந்தார்கள். மாமா வண்டியை மாமாவே ஓட்டினார். கிளம்புவதற்கு முன்னால் என்னைப் பார்த்துக் கண்ணடித்தார்.

திரும்பி வரும்போது கீழவைப்பார்க்காரர் ஒருவரின் வண்டிதான் முன்னால். அடுத்த வண்டி கண்ணுக்கே தெரியவில்லை. விலக்குக்குக் கூப்பிடு தூரம்தான் பாக்கி. அப்போது பக்கத்துச் சாலையிலிருந்து, துறைமுகத்தில் ஏற்றிய காற்றாலை இறக்கையைச் சுமந்துகொண்டு ஒரு நீள டிரெய்லர் வந்து வளைவில் திரும்பியது. அந்த இறக்கைக்கு ஒரு தெரு நீளம் இருக்கும். முன்னால் போகவும் முடியாமல் பின்னால் வரவும் முடியாமல் சாலையை அடைத்துக்கொண்டு நின்றுவிட்டது. டிரைவர் எங்கள் கடைக்கு வருகிறவர்தான். அப்பாவைப் பார்த்து, "அண்ணாச்சி, நீங்க எங்க இங்கன?" என்று வேறு கேட்டார்.

முன்னால் வந்த கீழவைப்பார் வண்டி நின்றது. மாடுகள் வாயில் நுரை தள்ளி நின்றன. கொஞ்சம் கொஞ்சமாகப் பின்னால் வந்த வண்டிகள் எல்லாம் வந்து சேர்ந்துவிட்டன. மாமா வண்டி இரண்டாவதாக வந்தது, ஆனால் ஓட்டமாக வராமல், முன்னால் நிற்பதைப் பார்த்து நிதானித்து வந்ததால் மாடுகள் களைக்கவில்லை. ஒருவழியாக டிரெய்லர் விலகியது. கூட்டம் முழுக்க அப்பாவைப் பார்த்தது. நின்ற வரிசைப்படியே பரிசு கொடுத்துவிடலாம் என்று ஒருவர் சொன்னார். ஓட விடு, ஓட விடு என்று இளவட்டங்கள் விசிலடித்தார்கள். வெயில் வேறு ஏறிக்கொண்டிருந்தது.

அப்பா கொடியை உயர்த்தினார். "பந்தயம்னா ஓடித்தான் முடியணும். முன்னால உள்ள ரெண்டு வண்டி மட்டும் சேர்ந்து நிக்கட்டும். மத்த வண்டி பொறவு வரட்டும்" என்றார். கொடியை ஆட்டினார். நின்று நின்று கால் இறுகிப்போன கீழவைப்பார் மாடுகள் கிளம்புவதற்குள் மாமாவின் மாடுகள் பாய்ந்துவிட்டன. ஒரு மூக்கணாங்கயிறு அளவுதான் வித்தியாசம். மாமா ஜெயித்தார்.

கூட்டம் மாமாவைத் தூக்கியது. கீழவைப்பார்க்காரர் மாடுகளின் நெற்றியைத் துடைத்துக்கொண்டிருந்தார். வெளியூர்க்காரர், யாரிடம் போய்ச் சொல்வார். மைக்செட்காரர் வேடிக்கை பார்க்க இறங்கிப் போயிருந்தார். மைக் சீட்டில் கிடந்தது. நான் எடுத்தேன். கை தவறியோ தெரியாமலோ எடுக்கவில்லை, தெரிந்தேதான் எடுத்தேன்.

"அப்பா, டிவியில அந்த ஆளு செஞ்சதும் இதானப்பா. விட்டா எல்லாத்தையும் விடணும், இல்லன்னா ஒன்னையும் விடக்கூடாதுன்னு நீங்கதான சொன்னீங்க? ரெண்டு பேருக்கு மட்டும் தனியா ஒரு பந்தயம் வச்சவன், கொடி பிடிக்க லாயக்கில்லாத பயன்னு சொன்னீங்கல்லா?"

பனைமரத்தில் கட்டியிருந்த ஒலிபெருக்கிக் குழாய் இரண்டும் அதை ஊர் முழுக்கச் சொல்லின. கோயில் மேளம்கூட நின்றுபோயிற்று. அப்பா என்னைப் பார்த்தார். அடிக்கத்தான் வருகிறார் என்று நினைத்தேன். வந்தால் வரட்டும் என்று மைக்கை விடாமல் உட்கார்ந்திருந்தேன். அவர் வந்து கையை நீட்டினார். கொடுத்தேன்.

"எம் மவ சொல்லுதது சரி" என்றார் மைக்கில். "நாந்தான் தப்பாக் கொடி ஆட்டிட்டேன். மொதப் பரிசு கீழவைப்பார் வண்டிக்கு."

மாமாவைத் தூக்கியவர்கள் இறக்கிவிட்டார்கள். மாமா கத்தவில்லை. கத்தியிருந்தால் சரியாகப் போயிருக்கும். அவர் அப்பாவுக்குக் கிட்ட வந்து, "ஓடச் சொன்னீய, ஓடுனேன். ஜெயிச்சது எம் மாட்டுத் தப்பா மாப்ள?" என்று மட்டும் கேட்டார். பிறகு மாடுகளை அவிழ்த்து ஓட்டிக்கொண்டு வயல் வழியாகப் போய்விட்டார். கொடைச் சாப்பாட்டுக்கு எங்களை யாரும் கூப்பிடவில்லை. பஸ்ஸில் அம்மா ஜன்னல் பக்கமே திரும்பி வந்தாள். எனக்கோ பெருமை தாங்கவில்லை. பட்டம் உரியவருக்குப் போய்ச் சேர்ந்தது. டிவியில் நடக்காததை நான் விளாத்திகுளம் பக்கத்தில் நடத்திக் காட்டிவிட்டேன்.

டிவியில் அடுத்த வருடப் பந்தயங்கள் ஓடிக்கொண்டிருந்தன. ஞாயிற்றுக்கிழமைகளில் போன் வரவில்லை. டயர் மாற்றுகிற இடத்தில் அப்பா எழுந்து நிற்பதையும் விட்டுவிட்டார்.

பொங்கலும் வந்தது. மாமாவிடமிருந்து சேதி ஒன்றும் இல்லை. முதல் நாள் விடியற்காலையில் அம்மா என்னை எழுப்பி, கடையின் லோடு ஆட்டோவில் ஏற்றிக்கொண்டு மார்க்கெட்டுக்குப் போனாள். கரும்புக் கட்டு, மஞ்சள்குலை, பனங்கிழங்கு, ஒரு வாழைத்தார், அரிசி எல்லாம் வாங்கினாள். எப்போதும் பேரம் பேசுகிறவள் அன்றைக்குப் பேசவில்லை. திரும்பும்போது ஆட்டோக்காரரிடம், "நேர் வழியாப் போகாண்டாம். சுத்திப் போயி விளாத்திகுளம் ரோடு வழியா தெருவுக்குள்ள வாங்க. வாசல் வந்ததும் நல்லா ஹாரன் அடிங்க" என்றாள். எனக்கு ஒன்றும் விளங்கவில்லை. வீட்டுக்கு நாலு எட்டில் வழி இருக்க எதற்கு ஊரைச் சுற்றவேண்டும்?

ஹாரன் சத்தத்துக்கு எதிர்வீட்டு அக்கா வெளியே வந்தாள். "என்ன, அண்ணன் படி வந்துட்டுபோல?"

அம்மா முந்தானையை இழுத்துச் செருகிக்கொண்டு, தெருவுக்கே கேட்கிற மாதிரி, "வராம இருக்குமா? எங்க அண்ணன் இந்நாள் வரைக்கும் தவற விட்டதில்ல" என்றாள். அவள் தலையை அவ்வளவு நிமிர்த்தி நான் பார்த்ததேயில்லை.

நான் வாயைத் திறந்தேன். பக்கத்தில் கரும்புக் கட்டை இறக்கிக்கொண்டிருந்த அப்பா, டயர்க் கறுப்பு ஏறிய கையை என் தோளில் வைத்து அழுத்தினார். "இந்தத் தடவ கட்டு பெருசால்லா இருக்கு. மச்சானுக்கு எப்பவுமே தாராளக் கை" என்று எதிர்வீட்டைப் பார்த்துச் சொன்னார்.

எனக்கு ஆத்திரமான ஆத்திரம். ஊர் கூடியிருக்கும்போது மைக்கில் உண்மை பேசிய மனுசன், ஒரு கரும்புக் கட்டுக்காக இப்படிக் கூசாமல் பொய் சொல்கிறாரே என்று முறைத்தேன். அவர் திருத்திக்கொள்ளவில்லை. கரும்பைக் கொண்டுபோய் வாசலின் இரண்டு பக்கமும் சாய்த்து, தெரு முழுக்கத் தெரிகிற மாதிரி நிமிர்த்தி வைத்தார். அம்மா அவர் முதுகையே பார்த்துக்கொண்டு நின்றாள். என் கையில் அப்போது மைக் இருந்திருந்தால் அதையும் சொல்லியிருப்பேன். சித்திரை மாதத்து அந்தப் பந்தயத்தில் அம்மாவும் ஓடினாள், தோற்றதும் அவள்தான் என்பது எனக்கு அன்றைக்குத் தெரியாது.