பிரம்மதேசத்துக் கப்பல்காரர்

சவுரிராயன் படகில் இடம் விற்கிறாராம். அடுத்த புயலுக்கு. ஆளுக்கு ஆயிரம் ரூபாய் முன்பணம், ஆட்டுக்குட்டிக்கு இருநூறு, கோழியை மடியில் வைத்துக்கொண்டால் இலவசம். திண்டிவனம் பேருந்து நிலையத்து டீக்கடையில் இதைச் சொன்னவர், தனக்கும் ஓர் இடம் சொல்லி வைத்திருப்பதாகச் சொன்னார். வீட்டம்மாவுக்கு? என்று கேட்டேன். யோசிக்க வேண்டும் என்றார்.

பத்திரிகைக்காக விசாரிக்கப் போனேன். கடலே இல்லாத பிரம்மதேசத்தில் வழி கேட்க வேண்டியிருக்கவில்லை, சத்தமே கூட்டிக்கொண்டு போனது. காலை ஆறு மணி. ஓட்டு வீட்டுக்கு முன்னால், வேப்பமரத்தடியில், நான்கு கருங்கல் தூண்களின் மேல் இருபத்தெட்டு அடி நீளமுள்ள பைபர் படகு. அதன் பின்பக்கம் கைலியை மடித்துக் கட்டிக்கொண்டு சவுரிராயன் உட்கார்ந்திருந்தார். இஞ்சின் தடதடத்தது. நீண்ட தண்டின் முனையில் காற்றாடி வெறுங்காற்றைக் கடைந்தது. தரையில் இருந்த பிளாஸ்டிக் டிரம்மிலிருந்து ஒரு குழாய் தண்ணீரை இஞ்சினுக்கு ஏற்ற, இன்னொரு குழாய் அதைச் சுடச்சுட அதே டிரம்மில் விட்டது. சரியாகப் பத்து நிமிடம். படகு அதே இடத்தில்தான் இருந்தது. வேப்பம்பூ மட்டும் கொஞ்சம் உதிர்ந்தது.

அலுமினிய அன்னக்கூடையோடு பேருந்துக்குக் கிளம்பிய செண்பகம், புருஷனை ஒருமுறை அண்ணாந்து பார்த்தார்.

"இன்னா கேப்டன், இலங்கை தெரியுதா?"

"தெரிஞ்சா சொல்றேன். நீ பஸ்ஸ உட்டுடாத."

வதந்தியைச் சொன்னேன். கோபப்படவில்லை. "சீட்டு விக்கறனா? எனக்கே இதுல எடம் கெடைக்கல சார்" என்றார்.

அவருக்கு வயது ஐம்பத்தாறு. தொழில், கிணற்று டீசல் இஞ்சின்களுக்கு வைத்தியம். நீளமான ஸ்குரூடிரைவரின் முனையை இஞ்சின்மேல் ஊன்றி, பிடியைக் காதில் வைத்து, கண்ணை மூடிக்கொண்டு கேட்பார். எந்த உறுப்பு தேய்ந்திருக்கிறது என்று அது அவருக்குச் சொல்லிவிடும். மனிதர்கள் பேசும்போதும் அதே மாதிரி தலையைச் சாய்த்துக் கண்ணை மூடிக்கொள்கிறார், ஸ்குரூடிரைவர்தான் இல்லை. உள்ளூர்ப் பிரமுகர் ஒருவரைப் பற்றி அவர் தந்த மருத்துவ அறிக்கை இது: "ரிங்கு தேஞ்ச ஆளு. பொகை ஜாஸ்தி, இழுவை கெடையாது." என்னைப் பற்றி என்ன கண்டுபிடித்தார் என்று நான் கேட்கவில்லை.

படகு வாங்கியதற்குக் காரணம் செண்பகம். பதினெட்டு வருடமாகக் கடற்கரைக்குப் போய் ஏலத்தில் மீன் எடுத்து, வாடை அடிக்கிறது என்று முகம் சுளிக்கும் கண்டக்டர்களோடு சண்டை போட்டுக்கொண்டே ஊர் திரும்பி, தெருத்தெருவாக விற்கிறவர். "தெனம் மீனைப் போயி வாங்கறதுக்கு, ஒரே தபா படகையே வாங்கிட்டா இன்னா" என்று சவுரிராயனுக்குத் தோன்றியது. கடல் தெரிந்த இரண்டு பேரைப் பங்குக்கு வைத்துக்கொள்வது, இஞ்சினைத் தான் பார்த்துக்கொள்வது, மீனைச் செண்பகம் விற்பது. யோசனையில் ஓட்டை இல்லை. சாலையோரத்தில் இருந்த பட்டறை மனையையும் செண்பகத்தின் ஐந்து பவுன் சங்கிலியையும் விற்றார்கள். படகு வந்தது. வந்து மூன்று வருடம். மழையில் தவிர இன்னும் நனையவில்லை.

விற்றவர் தென்னரசு, மரக்காணத்துக்குத் தெற்கே உள்ள ஒரு குப்பத்துக்காரர். குப்பத்தின் பெயர் வேண்டாம், நானும் அங்கே மீன் வாங்க வேண்டும். படகு பழையது, இஞ்சின் இல்லை. எந்த இஞ்சின் போடுவது என்று கேட்க, நான்கு ஞாயிற்றுக்கிழமை சர்ச்சில் பூசை முடிந்த கையோடு சவுரிராயன் மொபெட்டில் கடற்கரைக்குப் போனார். வலை பின்னிக்கொண்டிருந்தவர்கள் இரண்டு கட்சியாகப் பிரிந்தார்கள். ஒரு கட்சி, படகுக்குப் பின்னால் தொங்கவிடும் பெட்ரோல் மோட்டார்தான் இஞ்சின் என்றது. இலேசானது, கயிற்றை இழுத்தால் பறக்கும். இன்னொரு கட்சி, நீளத் தண்டு வைத்த டீசல்தான் என்றது. செலவு குறைவு, அலையில் சாகாது. பெட்ரோல் கட்சியின் மச்சானுக்கும் டீசல் கட்சியின் மாமனுக்கும் பழைய தகராறு வேறு அதில் கலந்துகொண்டது. சவுரிராயன் கண்ணை மூடிக் கேட்டுக்கொண்டிருந்தார்.

தென்னரசு டீ வாங்கிக் கொடுத்து, "டீசலே போடுண்ணா. பெட்ரோல் பக்கமே போவாத, பேஜாரு" என்றார். அந்த அக்கறையில் சவுரிராயன் உருகிப்போனார்.

டீசல்தான் என்று முடிவானதும், படகை டிராக்டரில் ஏற்றித் தன் வீட்டுக்கே கொண்டுவந்து, தனக்குத் தெரிந்த கிணற்று இஞ்சினையே பொருத்திவிட்டார். "முப்பது வருசமா இதுக்குத்தான் வைத்தியம் பாத்துக்கினு இருக்கேன். கடல்ன்றது இன்னா சார், கொஞ்சம் பெரிய கெணறு." உப்புத் தண்ணீரை இழுத்தால் ஒரே பருவத்தில் உள்ளே அரித்துவிடும் என்று இரண்டு கட்சியும் முதன்முதலாக ஒன்றுபட்டுச் சொன்னது. அந்த ஜோசியம் பலிக்கவில்லை. இஞ்சினில் இன்றுவரை பொட்டுத் துரு இல்லை. அரிப்பதற்குக் கடலை அது பார்த்திருக்க வேண்டும்.

நான்கு வாரமும் இஞ்சினைப் பற்றி நூறு கேள்வி கேட்ட மனிதர், ஒன்றை மட்டும் கேட்கவில்லை: இந்தக் கரையில் நான் படகை இறக்கலாமா? பம்புசெட்டு வாங்குகிறவனுக்குக் கிணறு இருக்கும், அதனால் அந்தக் கேள்வி அவர் தொழிலில் இல்லை. தென்னரசும் சொல்லவில்லை. நான் போய்க் கேட்டபோது, "அண்ணன் கேக்கல, நான் சொல்லல" என்றார். இவ்வளவு சுத்தமான வாக்குமூலத்தை நான் நீதிமன்றத்தில்கூடக் கேட்டதில்லை.

இஞ்சின் மாட்டிய படகு கரைக்குத் திரும்பிய அன்று ஊர்ப் பஞ்சாயத்தார் வந்து சுற்றி நின்றார்கள். மூத்தவரான பாண்டுரங்கன் மரியாதையாகவே பேசியிருக்கிறார்: "படகு உன்னுதுதான் சவுரி, யாரு இல்லன்னா? கரை ஊருது." வெளியூர்ப் படகுக்கு அந்தக் கரையில் இடமில்லை. எழுதாத சட்டம், அதனால் திருத்தவும் முடியாது.

பாண்டுரங்கனையும் பார்த்தேன். "எங்க பசங்களுக்கே மீனு இல்ல சார். அடுத்த குப்பத்துல இருக்கற என் சொந்த மச்சான், அவனே இங்க எறக்க முடியாது. இதுல போயி சாதி கீதின்னு எழுதிடாதீங்க" என்றார். எழுதவில்லை. அவர் சொன்னதை மட்டும் எழுதியிருக்கிறேன்.

சவுரிராயன் இதைப் பற்றி இரண்டே வாக்கியம்தான் சொன்னார். "ஊர்த் தெருவுல நமக்கு வழி கெடையாதுன்னு எங்கப்பன் சொல்லிக் குடுத்தாரு சார். கடலுக்கும் தெரு இருக்குதுன்னு அவருக்கே தெரியாது."

பக்கத்தில் இருக்கிற கழுவெளி ஏரியில் இறக்கலாமே என்றேன். "அது பறவைங்களுக்கு உட்ருக்காங்க" என்றார். பறவைகள் வெளிநாட்டிலிருந்து வருகின்றன. அவற்றை எந்த ஊர் என்று யாரும் கேட்பதில்லை போலிருக்கிறது.

தென்னரசின் அக்கறைக்கு வருவோம். படகின் பதிவு இன்னும் அவர் பெயரில்தான். மாற்ற வேண்டுமானால் சவுரிராயன் அந்தக் குப்பத்துச் சங்கத்தில் உறுப்பினராக வேண்டும், உறுப்பினராக அந்தக் குப்பத்தில் பிறக்க வேண்டும், அதற்கு இனி நேரமில்லை. ஆகவே காகிதத்தில் இந்தப் படகு தென்னரசுடையது, தினமும் மீன்பிடிக்கப் போகிறது, மானிய டீசல் குடிக்கிறது. படகுக்கு என்ன இஞ்சின் என்று காகிதம் கேட்கிறது. டீசல் என்று தென்னரசு அதில் வெகுநாளாக எழுதிக்கொண்டிருக்கிறார். சவுரிராயன் பெட்ரோல் மோட்டார் மாட்டியிருந்தால் காகிதம் பொய்யாகியிருக்கும்.

காகிதம் பொய்யாகாமல் இருக்க வருடத்துக்கு ஒரு நாள் படகு கரையில் நிற்க வேண்டும். கோடையில் ஆய்வு. அன்று மட்டும் தென்னரசு டிராக்டர் அனுப்புவார். காட்டாவிட்டால் பதிவு ரத்தாகிவிடும், அப்புறம் யாராலும் இறக்க முடியாது என்பார். "இந்தத் தபா ஊரைக் கூட்டிப் பேசறேண்ணா" என்றும் சொல்வார். அந்த ஒரு சொல்லுக்காகத்தான் சவுரிராயன் தினமும் ஆறு மணிக்கு இஞ்சினை ஓட்டி வைக்கிறார். கூப்பிடும் நாளில் அது மக்கர் பண்ணக் கூடாது.

இந்த வருட ஆய்வுக்கு நானும் போனேன். அதிகாரி தன் வேலையைச் சரியாகவே செய்தார். எண்ணைப் பார்த்தார். இஞ்சினை ஓட்டச் சொன்னார். டாங்கியில் டீசல் இல்லை. தென்னரசு கொண்டுவருவதாகச் சொல்லி மறந்திருந்தார். சவுரிராயன் வீட்டிலிருந்து எடுத்து வந்த கேனைத் திறந்து ஊற்றினார். ஒரே சுற்றில் கிளம்பியது. யார் இவர் என்று அதிகாரி கேட்க, "நம்ம மெக்கானிக்கு சார்" என்றார் தென்னரசு. உரிமையாளரைப் படகோடு நிறுத்திப் படம் எடுக்கும் நேரத்தில், "அண்ணா, கொஞ்சம் தள்ளிக்கோ, படத்துல உழுவுற" என்றார். சவுரிராயன் தள்ளி நின்றார். கடல் அவர் குதிகாலுக்குப் பத்தடியில் இருந்தது.

அதிகாரியின் ஜீப் போனதும் சவுரிராயன் பாண்டுரங்கனிடம் நேராகப் போனார். "பத்தே நிமிசம் பெரியவரே. மீனு புடிக்க இல்ல. தண்ணில வச்சிப் பாத்துட்டு ஏத்திடறேன்."

பாண்டுரங்கன் வெகுநேரம் படகைப் பார்த்தார். இஞ்சின்மேல் கை வைத்துப் பார்த்தார். "நல்லாப் பேசுது சவுரி. டீசல் போட்டது நல்லதாப் போச்சு" என்றார். பிறகு, "இன்னிக்கி பத்து நிமிசம்னா, நாளைக்கி அந்த ஊரு இந்த ஊருன்னு பத்து பேரு வருவான். எறக்காத, என்னாண்ட கேக்காத" என்று சொல்லிவிட்டு வலையைப் பார்க்கப் போய்விட்டார்.

தென்னரசைத் திரும்பிப் பார்த்தார் சவுரிராயன். ஊரைக் கூட்டுவதாகச் சொன்னவர் டிராக்டருக்குக் கயிறு கட்டுவதில் மும்முரமாக இருந்தார். "ஜல்தி ஏறுண்ணா, வண்டிக்காரன் வேற வாடகைக்குப் போவணுமாம்."

"நான் ஊத்துன டீசலு?"

"குடுத்துடலாம்ணா. எங்க ஓடிப்போவப் போறேன்?"

அந்தப் படகின் பெயரில் அந்த மாத டீசலையும் வாங்கியிருந்தவர் சொன்னது இது. சவுரிராயன் டிரெய்லரில் இருந்த படகுக்குள் ஏறி, பின்பக்கம் தன் வழக்கமான இடத்தில் உட்கார்ந்தார். டிராக்டர் மணலிலிருந்து தார்ச்சாலைக்கு ஏறியது. தென்னரசு கையசைத்தார். கரையைப் பார்த்தபடி, காலிக் கேனை மடியில் வைத்துக்கொண்டு, சவுரிராயன் வலது கையை உயர்த்தி இரண்டு விரலைக் காட்டினார். இரண்டு லிட்டர். எதிரே வந்த பேருந்தில் இருந்தவர்கள் அவர் ஓட்டுக் கேட்டுக்கொண்டு போவதாக நினைத்திருக்கலாம். சவுக்குத் தோப்பு மறைக்கும்வரை அவர் விரலை இறக்கவில்லை.