பிரசவ வார்டு வாசலில் டியூட்டி

பாதி ஆயுளை ராணுவத்தில் கழித்துவிட்டு ஊர் திரும்பியவன் நான். புதுக்கோட்டை அரசு ஆஸ்பத்திரியின் காவல் ஒப்பந்தத்தை முன்னாள் ராணுவத்தினருக்கே கொடுத்திருக்கிறார்கள், எழுதிப் போடுங்கள் என்று என் மனைவி பிடுங்கி எடுத்தாள். எனக்கு வாட்ச்மேன் வேலையா என்று குதித்தேன்.

"எல்லையில நின்னா காவலு, ஆஸ்பத்திரி வாசல்ல நின்னா கேவலமாங்க?" என்றாள். அவளிடம் வாய் கொடுத்து மீண்டவர் யார்? போய்ச் சேர்ந்தேன்.

பிரசவ வார்டு வாசலில் போட்டார்கள். உள்ளே ஒரு பெண் துணைக்குத்தான் அனுமதி. நம் சனமோ ஒரு பிரசவத்துக்கு ஒரு வேன் ஆள் வரும். முதல் வாரம் முழுக்கப் பழக்கதோஷத்தில் இந்தியிலேயே அதட்டினேன். "தமிழ்லயே திட்டுங்க தம்பி, கோவிச்சுக்க மாட்டோம்" என்றார் ஓர் அம்மா.

ஒருநாள் காலையில் என் மனைவியின் தம்பி யாரையோ பார்க்க வந்தான். என்னை ஏற இறங்கப் பார்த்தான்.

"என்ன மச்சான், அங்கிட்டு ஹவில்தாரு, இங்கிட்டு கேட்டைத் தொறக்குறீங்களா?"

சிரித்துக்கொண்டேதான் கேட்டான். எனக்குச் சுருக்கென்றது. மத்தியானம் சூப்பர்வைசர் வந்ததும் வேலை வேண்டாம் என்று சொல்லிவிடுவது என முடிவு செய்தேன்.

அதற்குள் நர்ஸ் வெளியே வந்து, "பொம்பளப் புள்ள. அப்பா யாரு?" என்றார். ஒருவரும் முன்னே வரவில்லை. குளத்தூர்ப் பக்கத்திலிருந்து மருமகளைக் கூட்டிவந்திருந்த மாமியார் மட்டும் பட்டன் போனைக் காதில் வைத்தபடி அழுதார்.

"எம்மகன் மிலிட்டரியில இருக்கான். லீவு கெடைக்கல. புள்ள யாரு மாதிரி இருக்குன்னு கேக்குறான். நான் என்னத்தச் சொல்ல?"

என் பிள்ளைகள் பிறந்த சேதியும் எனக்குப் போனில்தான் வந்தது. மூத்தவனை முதலில் பார்த்தபோது அவனுக்குப் பல் முளைத்திருந்தது. அந்த ஏக்கம் இன்னும் தீரவில்லை.

நம்பரை வாங்கி என் போனில் வீடியோ கால் போட்டேன். நர்ஸிடம் கேட்டதும், "நீங்க வாசல்லயே நில்லுங்க, தூக்கிட்டு வாரேன்" என்றார். போன் திரையில் கம்பளிக் குல்லாயோடு தெரிந்த அந்த மிலிட்டரிப் பையன் தன் மகளைப் பார்த்தான். பிறகு கண்ணைத் துடைத்துக்கொண்டு என்னிடம், "நீங்க யாருங்க?" என்றான்.

"இங்க செக்யூரிட்டி, தம்பி. நானும் மிலிட்டரிதான்."

அவன் முகம் மலர்ந்தது. "ரிட்டயர் ஆகி வந்தா நம்ம ஊர்லயே இப்புடி வேலை இருக்காண்ணே? சாயங்காலம் வீட்டுக்குப் போயிரலாமா?"

"போயிரலாம்."

"எனக்கும் ஒரு எடம் சொல்லி வைங்கண்ணே."

"நீ வா. நான் இங்கதான் இருப்பேன்" என்றேன். சொல்லி முடித்த பிறகுதான், வேலையை விடப் போகிறவன் நான் என்பதே நினைவுக்கு வந்தது.

மத்தியானம் சூப்பர்வைசர் வந்தார். அப்பாமார்கள் உட்கார வாசலில் ஒரு பெஞ்சு போட்டுத் தரச் சொன்னேன்.