வருத்தம் பார்க்க வராதீர்கள்

அன்று பின்னேரம் ஐந்து மணிக்கு எங்கள் வெள்ளவத்தை ஃப்ளாட்டில் இருந்தவர்கள்: நான். என் மனைவி பரமேஸ். கொட்டாஞ்சேனையிலிருந்து என் அக்கா பூமணி. ஓட்டோவில் இடம் இருந்தது என்பதற்காக அக்காவோடு ஏறி வந்த, யாரென்றே எங்களுக்குத் தெரியாத ஓர் அம்மா. கனடா விசாவுக்குக் காத்திருக்கும் மேல்மாடி வயோதிபத் தம்பதியர். என் கடை முதலாளி, அவர் மனைவி, அவர்களுடைய இருமல். பரமேசோடு ஊரில் படித்த இரண்டு பெண்கள்.

இருமலைச் சேர்க்காமல் பத்துப் பேர்.

டொக்டர் அனுமதித்தது இரண்டு பேர் — அதில் ஒருவர் நோயாளி!

பரமேசுக்கு இரத்தத்தில் புற்றுநோய். பாமன்கடைப் பக்கம் ஒரு சின்னக் கிளினிக்கில் மருந்து ஏற்றுகிறார்கள். அந்த மருந்து கெட்ட அணுக்களை அடிக்கிற வேகத்தில் நல்ல வெள்ளை அணுக்களையும் சேர்த்து அடித்துவிடுமாம். ஒரு கிழமையில் உடம்பில் காவலுக்கு ஆளே இருக்காது. அடுத்தவரின் சாதாரணச் சளி, தடிமன்கூட அவளுடைய உயிரைக் கேட்கும்.

"அங்கிள், பத்து நாளைக்கி வீட்டுக்கு யாரையும் எடுக்காதீங்க. பழம் எதுவும் பச்சையாக் கொடுக்க வேணாம். காய்ச்சல் வந்தா ராவோ பகலோ உடனே கூட்டிட்டு வாங்க" என்று தாதி ஃபரீனா சொல்லியிருந்தார்.

ராவிலா? யுத்த காலத்துக் கொழும்பு; வழியில் எத்தனை செக்பொயின்ட் என்று எண்ணியதிலேயே எனக்குக் காய்ச்சல் வந்துவிட்டது. நான் எட்டாம் வகுப்போடு படிப்பை விட்டவன். டொக்டர் தந்த கடதாசி முழுக்க இங்கிலீஷ். அதனால் தெரிந்த ஒரே வைத்தியத்தைச் செய்தேன் — அரை மணிக்கொரு தடவை பரமேசின் வாயில் தேர்மோமீட்டரை வைத்தேன். "எனக்குக் காய்ச்சலோ இல்லையோ, உங்களுக்குத்தான் நடுக்கம்" என்றாள் அவள்.

ஆனால், நம் ஆட்களை எப்படித் தடுப்பது? வருத்தம் பார்க்க, அதாவது நோயாளியைப் பார்க்கப் போகாதவன் நம் சனத்தில் செத்தவீட்டுக்குப் போகாதவனுக்குச் சமம். அன்று வாசலில் முகமூடியோடு நின்ற என்னைப் பார்த்து அக்கா கேட்டார்:

"என்ன தம்பி, கள்ளன் மாதிரி வாயில துணி?"

"கிருமி தொத்தும் எண்டு டொக்டர்..."

"நான் கிருமியோடா? உன்னைத் தூக்கி வளர்த்தனான்!"

என்னைத் தள்ளிக்கொண்டு உள்ளே போய், பரமேசின் கன்னத்தைத் தடவி, தோடம்பழம் உரித்து வாயருகே நீட்டினார். பரமேஸ் தலையணையில் முகத்தைப் புதைத்து, நித்திரை என்று நடித்தாள். பத்துப் பேர் கதைக்கும் சத்தத்தில் யார்தான் நித்திரை கொள்வார்கள்? "பாவம், மயங்கிட்டாள்" என்றார் அந்தத் தெரியாத அம்மா.

எல்லோரும் போனபின் எழுந்து உட்கார்ந்தாள்.

"இஞ்சருங்கோ, இப்பிடிப் போனா நான் புற்றுநோயில சாகமாட்டன், மச்சாளின்ர கொஞ்சலிலதான் சாவன்."

"நான் என்னப்பா செய்யிறது? சொன்னாக் கேக்கினமே?"

"டொக்டருக்கு இவையள் பயப்பிடாயினம். நீங்கள் எதுக்குப் பயந்து சாகிறியளோ, அதைச் சொல்லுங்கோ."

நான் எதற்குப் பயப்படவில்லை? ஆனாலும் முதலிடம் எதற்கு என்று அவளுக்கும் தெரியும், எனக்கும் தெரியும்.

அடுத்த நாள் காலை அக்காவுக்குப் போன் எடுத்தேன். "அக்கா, எங்கட ஃப்ளாட்டுக்குப் பின்னேரத்தில பொலிஸ் வருதாம். அந்தந்த வீட்டுப் பொலிஸ் பதிவில பேர் இல்லாத தமிழ் ஆக்கள் நிண்டா ஸ்டேசனுக்கு ஏத்துறாங்களாம். ஒருத்தருக்கும் சொல்லிப்போடாதேங்கோ..."

அக்காவிடம் அப்படிச் சொன்னால் போதும். அன்று பின்னேரம் ஒருவர் இல்லை. மறுநாளும் இல்லை. முதலாளி, இருமலைக்கூட அனுப்பவில்லை. ஒரு பொய்க்கு இவ்வளவு மருத்துவ குணமா!

மூன்றாம் நாள் மேல்மாடித் தம்பதியர் சூட்கேசோடு படியிறங்கி வந்தார்கள். "செக்கிங் முடியுமட்டும் கிராண்ட்பாஸில தங்கச்சி வீட்டில இருக்கப்போறம். எங்கட பேர் இஞ்ச பதிவில இல்லை. இந்த வயசில ஸ்டேசனில போய் இருக்கேலுமே?" என்றார் அந்த ஐயா. பொய் என்று சொல்ல வாயைத் திறந்தேன். அறைக்குள் பரமேஸ் படுத்திருந்தாள். வாயை மூடிக்கொண்டேன். சூட்கேசை மட்டும் ஓட்டோ வரைக்கும் தூக்கிக் கொடுத்தேன். கை இன்னும் கனக்கிறது.

ஆறாம் நாள் கதவு தட்டப்பட்டது.

திறந்தால்... நிஜமான பொலிஸ்! ஒரு சார்ஜன், கையில் பதிவேடு, மூக்கில் நிஜமான தடிமன். வீட்டில் இருப்பவர்களை எண்ண வேண்டுமாம். ஒரு காலை உள்ளே வைத்துவிட்டார்.

என் வாழ்க்கையில் பொலிஸ்காரனை மறித்தது அன்றுதான். "மஹத்தயா, பொட்டக் இன்ன" — ஐயா, கொஞ்சம் நில்லுங்கள் — என்று சொல்லிக் கிளினிக் கடதாசியை நீட்டினேன். அவர் அதை முன்பக்கம் பார்த்தார், பின்பக்கம் பார்த்தார். இங்கிலீஷ். அவரும் என்னைப் போலத்தான் போலிருக்கிறது.

"மொகத மே?" என்றார். என்ன இது?

"லே பிலிகா" என்றேன். இரத்தப் புற்றுநோய்.

உள்ளே வைத்த காலை வெளியே எடுத்தார். கைலேஞ்சியால் மூக்கைப் பொத்தினார். வாசலுக்கு அப்பால் நின்றபடியே பரமேசின் பெயரைப் பள்ளிக்கூட வாத்தியார் மாதிரிக் கூப்பிட்டார். "இன்னவா!" — இருக்கிறேன் — என்று அறைக்குள்ளிருந்து அவளும் மாணவி மாதிரிக் கத்தினாள். அவர் சரி போட்டுக்கொண்டு, படியில் இறங்கியபிறகுதான் தும்மினார்.

பத்தாம் நாள் கிளினிக்கில் இரத்தம் எடுத்துப் பார்த்தார்கள். "வெள்ள அணு நல்லாக் கூடியிருக்கு, அங்கிள். வெள்ளவத்தையில இருந்துக்கிட்டு யாரும் வராமப் பாத்துக்கிட்டீங்களா? எப்பிடி? மத்தவங்களுக்கும் சொல்லிக் கொடுக்கலாமே!" என்றார் ஃபரீனா. பரமேஸ் என் காலை மிதித்தாள்.

திரும்பி வந்ததும் கிராண்ட்பாஸுக்குப் போன் எடுத்து, செக்கிங் முடிந்துவிட்டது என்று மேல்மாடி ஐயாவிடம் சொன்னேன். அவர் நன்றி வேறு சொன்னார். அதற்குமேல் தாங்கவில்லை. அடுத்த மருந்து ஏற்றும்போது பொய் வேண்டாம், உள்ளதை உள்ளபடி சொல்வோம் என்று முடிவெடுத்து, அக்காவைக் கூப்பிட்டேன்.

"அக்கா, பொலிஸ் கதை பொய். வாற கிழமை திரும்ப மருந்து ஏத்தினம். ஆர் வந்தாலும் பரமேசின்ர உயிருக்கு ஆபத்து. நீங்களும் வரவேண்டாம்."

மறுமுனையில் அக்கா விம்மினார்.

"ஐயோ தம்பி, இவ்வளவு கடுமையே? முதலே சொல்லியிருக்கலாமெல்லோ! நில்லு... நான் இப்பவே வெளிக்கிட்டு வாறன்."

பொய்க்குப் பயந்து வீட்டில் இருந்தவர்கள், உண்மையைக் கேட்டதும் ஓட்டோ பிடிக்கிறார்கள்!