குறிகட்டுவானில் இரண்டு படகு, எங்களிடம் இரண்டு பிள்ளை

சின்னப் பிள்ளைகளோடு கொழும்பு வெள்ளவத்தையில் ஒரு சனிக்கிழமையைக் கழிப்பது எப்படி என்று இந்தப் பக்கத்தில் நிறையவே எழுதியிருக்கிறேன். எந்தப் பூங்காவில் நிழல் உண்டு, எந்தக் கடைத்தொகுதியில் உடை மாற்ற இடம் உண்டு, எப்போது கிளம்பினால் பகல் நித்திரை கெடாது என்றெல்லாம். அந்தத் துணிவில்தான் சென்ற பங்குனியில், யாழ்ப்பாணத்துக்கு ஒரு கல்யாணத்துக்குப் போன இடத்தில், ஒரு நாளைத் தீவுப் பக்கம் கழிக்கலாம் என்று திட்டம் போட்டேன். மகள் ஆரணிக்கு மூன்று வயது. மகன் கவினுக்கு ஒன்றரை.

என் கணவரின் பூர்வீகம் புங்குடுதீவு. ஆனால் அவருடைய அப்பா தெற்கே காலி நகரில் கடை வைத்திருந்ததால் இவர் பிறந்து வளர்ந்தது எல்லாம் அங்கேதான். ஊருக்கு நாலைந்து தடவை வந்திருப்பார். அதை வைத்துக்கொண்டு, "தீவாருக்குக் கடல் புதுசோ?" என்று வாடகை வானில் ஏறியதிலிருந்து சொல்லிக்கொண்டு வந்தார். அவர் சொன்னதை நானும் நம்பிவிட்டேன்.

யாழ் நகரிலிருந்து குறிகட்டுவான் இறங்குதுறைக்கு முப்பது கிலோமீட்டருக்குச் சற்றுக் கூட. பஸ் போகிறது, ஆனால் பிள்ளைகளோடு வான் நல்லது, வழியில் நிற்பாட்டலாம். காலை ஏழு மணிக்குக் கிளம்பி, பண்ணைப் பாலம், மண்டைதீவு கழிந்து, சாட்டிக் கடற்கரையில் ஒரு மணி நேரம் விளையாட விட்டோம். அலை குறைவு, ஆழமும் குறைவு. ஆரணி மஞ்சள் சட்டையோடு தண்ணீரில் இருந்தாள். நான் நீலச் சட்டை மாற்றினேன். வானுக்குள் அதில் பாலை ஊற்றிக்கொண்டாள். நான் கவினை நித்திரையாக்கிக்கொண்டிருந்ததால் இவர் ஏதோ ஒன்றை மாற்றிவிட்டார். அது என்ன நிறம் என்று நான் பார்க்கவில்லை. அது எவ்வளவு பெரிய விஷயம் என்று அப்போது தெரியாது.

குறிகட்டுவானில் இரண்டு படகுகள் ஒன்றையொன்று ஒட்டியபடி நின்றன. கரையோடு நின்றது நெடுந்தீவுக்கு, ஒரு மணி நேர ஓட்டம். அதற்கு வெளியே, கடல் பக்கம் நின்றது நயினாதீவுக்கு, இருபது நிமிடம். நாங்கள் போக வேண்டியது நயினாதீவுக்கு, அம்மன் கோயிலுக்கு. அதில் ஏற வேண்டுமானால் நெடுந்தீவுப் படகில் கால் வைத்துத் தாண்டித்தான் போக வேண்டும். இதை எந்தப் பயணக் குறிப்பிலும் நான் வாசித்ததில்லை. எல்லோருக்கும் தெரிந்ததென்று எழுதாமல் விட்டார்களோ என்னவோ.

இன்னொன்றும் எழுதப்படவில்லை. பிள்ளையோடு ஏறுகிறவர்களை அங்கே யாரும் தனியாக ஏற விடுவதில்லை. படகுக்குள்ளிருந்து கைகள் நீளும். பிள்ளை முதலில் போகும், அந்தக் கையிலிருந்து அடுத்த கைக்கு. தாய் தகப்பன் பின்னால் வருவார்கள். யாரும் யாரையும் கேட்பதில்லை.

நான் கவினோடு முதலில் தாண்டி நயினாதீவுப் படகில் ஏறினேன். "கீழை போய் இருங்கோ அக்கா" என்று கீழ்த்தட்டுக்கு அனுப்பிவிட்டார்கள். கரையில் நின்ற இவர், நீண்டு வந்த ஒரு கையில் ஆரணியைக் கொடுத்துவிட்டு, நான் வேண்டாம் என்று சொல்லியும் கொண்டுவந்த கவினின் தள்ளுவண்டிலை மடக்கத் தொடங்கினார். அது மடங்கவில்லை. ஒருவழியாக அதையும் தூக்கிக்கொண்டு தாண்டி வந்தபோது கீழே இடமில்லை, மேலேயே நின்றுவிட்டார். ஆரணி கீழே என்னோடு என்று அவர் நினைத்தார். மேலே அவரோடு என்று நான் நினைத்தேன். இயந்திரச் சத்தத்தில் கூப்பிட்டாலும் கேட்காது. உண்மையைச் சொன்னால், மடியில் ஒரு பிள்ளை மட்டும் இருந்த அந்த இருபது நிமிடம் எனக்குச் சுகமாகவே இருந்தது.

நயினாதீவில் இறங்கியதும் நான் கேட்டேன், "ஆரணி எங்கை?" அதே நேரத்தில் அவரும் அதையே கேட்டார்.

அதற்குப் பிறகு நடந்தவை எனக்கு ஒழுங்காக ஞாபகமில்லை. இவர் திரும்பப் படகுக்குள் குதித்து இருக்கைகளுக்கு அடியில் தேடினார். நான் தண்ணீரைப் பார்த்தேன். கொஞ்ச நேரம் தண்ணீரை மட்டும்தான் பார்த்துக்கொண்டு நின்றேன்.

படகோட்டி நடுத்தர வயதுக்காரர். பதறவில்லை. "ஆரின்ரை கையிலை குடுத்தனீங்கள்?" என்று இவரிடம் கேட்டார்.

"தெரியேல்லை அண்ணை. கை மட்டும்தான் பாத்தனான். வளையல் போட்ட கை."

"கரையோடை நிண்ட வள்ளத்துக்கோ குடுத்தனீங்கள்?"

"ஓம். அங்கை இருந்துதானே இங்கை வரவேணும்?"

"அப்ப பிள்ளை நெடுந்தீவுக்குப் போகுது" என்றார் அவர், பஸ் மாறி ஏறியவருக்குச் சொல்வதுபோல. பிறகு தொலைபேசியை எடுத்தார். மூன்று தடவை யாரும் எடுக்கவில்லை. நாலாவது தடவை எடுத்தார்கள். "ஒரு பொம்பிளைப் பிள்ளை இருக்குதாம். உங்கடை பிள்ளை என்ன நிறச் சட்டை?"

"மஞ்சள்" என்று சொல்லி, "இல்லை, நீலம்" என்றேன்.

"நீலத்தை நான் மாத்திப்போட்டன்" என்றார் இவர்.

"என்ன நிறத்துக்கு?"

"பையிலை கைக்கு வந்ததுக்கு."

படகோட்டி எங்கள் இருவரையும் மாறி மாறிப் பார்த்தார். "உங்கடை பிள்ளைதானே?"

பெயரைக் கேட்கச் சொன்னோம். ஆரணியாம். தாயின் பெயரைக் கேட்டார்களாம்; அம்மா என்றாளாம். அதைக் கேட்டு நான் அந்த இடத்திலேயே நிலத்தில் இருந்துவிட்டேன். அழுதேனா சிரித்தேனா என்று இவரைக் கேட்டால் இரண்டும் என்கிறார்.

நெடுந்தீவுப் படகைத் திருப்பச் சொல்லிக் கெஞ்சினேன். "பாதிக் கடல் தாண்டிட்டினம், திருப்ப ஏலாது. நீங்கள்தான் பின்னாலை போகவேணும்" என்றார் படகோட்டி. நெடுந்தீவுக்கு அடுத்த பயணிகள் படகு பின்னேரம்தான். அவரே தனக்குத் தெரிந்த ஒருவரின் சின்ன மீன்பிடி வள்ளத்தை ஒழுங்குபண்ணித் தந்தார். கவினை அதில் ஏற்ற முடியாது. யார் போவது என்று நாங்கள் இருவரும் இறங்குதுறையில் நின்று சண்டை பிடித்தோம். கடைசியில் இவர் கவினோடு கோயிலடியில் நின்றார், நான் போனேன். உப்புத்தண்ணீர் முகத்தில் அடிக்க அடிக்க, யார் மேல் கோபப்படுவது என்று யோசித்துக்கொண்டே போனேன். இவர் மேலா? வளையல் கை மேலா? சுகமாக இருந்த என் மேலா? நெடுந்தீவு வரும்வரை முடிவு செய்ய முடியவில்லை.

நெடுந்தீவு இறங்குதுறைக் கொட்டகையில் ஆரணி இருந்தாள். தம்பியின் சிவப்புச் சட்டை, பெரிய துவாரங்கள் போட்ட ஒரு அட்டைப் பெட்டி, பக்கத்தில் பச்சை வளையல் போட்ட ஒரு அக்கா. வசந்தி என்று பெயர் சொன்னார். பெட்டி நிறையக் கோழிக்குஞ்சு. யாழ்ப்பாணத்தில் வாங்கி வீட்டுக்குக் கொண்டுபோகிறவர், எங்களுக்காகத் தன் ஊர்ப் பஸ்ஸை விட்டுவிட்டு வெயிலில் காத்திருந்திருக்கிறார்.

நான் மகளைக் கட்டிப்பிடித்து ஓவென்று அழுதேன். அவள், "சத்தம் போடாதேங்கோ அம்மா, குஞ்சு நித்திரை" என்றாள்.

வசந்தி அக்காவுக்கு என் அழுகை விளங்கவில்லை. "ஏன் அழுறியள்? பிள்ளை எங்கடை கையிலைதானே இருந்தது" என்றார். "கைக்கு வந்த பிள்ளையை மடியிலை வைச்சிருப்பம். தாய் பின்னாலை வருவா எண்டுதான் நினைச்சனான். எப்பவும் அப்பிடித்தான். வள்ளம் வெளிக்கிட்ட பிறகுதான் கேட்டுப் பாத்தன், ஒருத்தருக்கும் தெரியேல்லை."

"பிள்ளை அழேல்லையோ?"

"கொஞ்சம் அழுதவ. பெட்டியைத் திறந்து காட்டினாப் பிறகு இல்லை."

அவர் கையை இரண்டு கையாலும் பிடித்து நன்றி சொன்னேன். குதிரைகளையும் பழைய கோட்டையையும் பார்க்காமலா போகப்போகிறீர்கள் என்று கேட்டார். எனக்கு அந்தத் தீவில் பார்க்க வேண்டியிருந்தது ஒன்றுதான், அதைப் பார்த்துவிட்டேன். பின்னேரப் படகில் குறிகட்டுவானுக்குத் திரும்பினோம். நயினாதீவிலிருந்து முன்னமே திரும்பிவிட்ட இவர் கவினோடும் தள்ளுவண்டிலோடும் கரையில் நின்றார். வான் யாழ்ப்பாணம் போய்ச் சேரும்வரை தீவாரைப் பற்றி ஒரு சொல் பேசவில்லை.

போக விரும்புகிறவர்களுக்கு: பெரியவர்களில் ஒருவர் முதலில் ஏறுங்கள், மற்றவர் கடைசியாக. முதலில் ஏறியவர் கீழ்த்தட்டுக்குப் போகாமல் பிள்ளை தன் கைக்கு வரும்வரை நில்லுங்கள். எந்தப் படகு எந்தத் தீவுக்கு என்று கைநீட்டுகிறவரிடம் வாய் திறந்து கேளுங்கள். பிள்ளையின் கையில் பேனையால் தொலைபேசி எண்ணை எழுதுங்கள். உயிர்காப்பு அங்கி சின்னப் பிள்ளைகளின் அளவில் கிடைப்பது அரிது, கொண்டுபோங்கள். தள்ளுவண்டிலைக் கொண்டுபோகாதீர்கள். ஒரு நாளில் ஒரு தீவு போதும்.

இந்தப் பயணத்தைப் பரிந்துரைக்கிறேனா என்று கேட்டால் எனக்கு இன்னும் தெரியாது. முன்பின் தெரியாதவர்கள் கையில் பிள்ளையைக் கொடுப்பது ஆபத்து என்று எழுதத் தொடங்குகிறேன். அந்தக் கைகளைப் போலப் பத்திரமான கைகளை வெள்ளவத்தையில் நான் கண்டதில்லை என்று அடுத்த வரியில் எழுத வேண்டியிருக்கிறது.

ஆரணிக்கு இந்தக் குழப்பம் கிடையாது. வீட்டுக்கு வருகிறவர்களிடம், "அம்மா துலைஞ்சு போட்டா. நானும் வளையல் அக்காவும் வருவா எண்டு பாத்துக்கொண்டு இருந்தனாங்கள், பிறகு வந்திட்டா" என்கிறாள். போன கிழமை வெள்ளவத்தையில் காலி வீதியைக் கடக்க நின்றபோது என் விரலைத் தானாகவே பிடித்துக்கொண்டு சொன்னாள்: "கையை விட்டிடாதேங்கோ அம்மா. இங்கை குஞ்சும் இல்லை, நான் தனிய இருந்து பாத்துக்கொண்டிருக்க ஏலாது."